தரையில் தேய்க்கும் நாய் என்ன சொல்கிறது?

நாய் வளர்க்கும் வீடுகளில் இக்காட்சி புதிதன்று. உட்கார்ந்த நிலையில் பின்னங்கால்களை முன்னே நீட்டி, முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு, பின்புறத்தைத் தரையில் தேய்த்தவாறே நாய் நகரும். குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். பெரியவர்கள் முகம் சுளித்து, தரையைத் துடைக்கத் துணி தேடுவார்கள். "வயிற்றில் பூச்சி இருக்கும்; மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்" என்று யாரேனும் ஒருவர் சொல்வார். மருந்தும் கொடுக்கப்படும். சில நாள்கள் கழித்து நாய் மீண்டும் தேய்க்கத் தொடங்கும்.

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு நாயை அழைத்து வருவோர் பலர் இதைக் கடைசியாகத்தான் சொல்கிறார்கள். காது, தோல், பசி பற்றியெல்லாம் விரிவாகப் பேசிவிட்டு, எழுந்து போகும் வேளையில், "இன்னொன்று டாக்டர், சொல்லக் கூச்சமாக இருக்கிறது" என்று தயங்குகிறார்கள். இதில் கூச்சத்துக்கு இடமில்லை. வாயால் சொல்ல இயலாத ஓர் உயிர் தன் வலியையோ அரிப்பையோ தெரிவிக்கும் முறை இது. அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பல நாய்களை வேதனையிலிருந்தும், சில நாய்களை உயிராபத்திலிருந்தும் காக்கலாம்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

நாயின் ஆசனவாயின் இருபுறமும் தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் உள்ளன. ஆசனவாயை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், ஏறத்தாழ 4 மணியும் 8 மணியும் காட்டும் இடங்களில் அவை அமைந்திருக்கும். சிறிய நாய்களில் பட்டாணி அளவிலும், பெரிய நாய்களில் கோலிக்குண்டு அளவிலும் இருக்கும். இவற்றின் உட்சுவரில் உள்ள சுரப்பிகள் கடும் நாற்றமுடைய திரவத்தைச் சுரக்கின்றன. மீன் அழுகியது போன்ற அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

இந்தத் திரவம் வீணானதன்று. நாய்களுக்கு அது முகவரி போன்றது. இரண்டு நாய்கள் சந்திக்கும்போது ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று முகர்வது இந்த முகவரியைப் படிக்கத்தான். மலம் கழிக்கும்போது ஆசனவாய்த் தசைகள் சுருங்கிப் பைகளை அழுத்த, சிறு துளைகள் வழியே திரவம் சிறிதளவு வெளியேறி மலத்தின்மீது படிகிறது. அச்சத்தில் சில நாய்கள் முழுவதையும் ஒரே நேரத்தில் பீய்ச்சிவிடுவதும் உண்டு. எங்கள் பரிசோதனை மேசைமீது அது அடிக்கடி நிகழ்வதுதான். நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

இப்பைகள் தாமாகவே நிறைந்து தாமாகவே காலியாகின்றன. பெரும்பாலான நாய்களில் வாழ்நாள் முழுவதும் இவ்வேலை எவருக்கும் தெரியாமலே நடந்துவிடுகிறது. துளை அடைபட்டாலோ, திரவம் கெட்டிப்பட்டாலோ, மலம் இளகிப் பைகளை அழுத்தாமல் போனாலோதான் தொல்லை தொடங்குகிறது. பிரித்தானியாவில் கால்நடை மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஓராண்டுக் காலத்தில் 100 நாய்களில் ஏறத்தாழ 4 நாய்களுக்கு இத்தொல்லை இருந்தது. தட்டையான முகமுடைய இனங்களிலும், ஷிட்சூ, ஸ்பானியல் போன்ற இனங்களிலும் அது மிகுதியாகக் காணப்பட்டது. நம் வீடுகளில் இப்போது பரவலாக வளர்க்கப்படும் இனங்களுள் இவையும் அடங்கும்.

புழுவா, பையா?

"பூச்சி இருக்கும்" என்ற சொல் முற்றிலும் தவறன்று. நாடாப்புழுவின் துண்டுகள் மலத்தோடு வெளியேறும்போது ஆசனவாயில் அரிப்பு ஏற்படும். நாய் தரையில் தேய்க்கும். அத்துண்டுகள் வெள்ளரி விதை போலவும், காய்ந்தபின் அரிசி மணி போலவும் வால் அடியிலோ படுக்கையிலோ ஒட்டியிருக்கும். அவற்றைக் கண்டால் ஒரு காகிதத்தில் எடுத்து வாருங்கள். எல்லாக் குடற்புழு மருந்துகளும் நாடாப்புழுவை அழிப்பதில்லை. அதற்கெனத் தனி மருந்து உண்டு. மேலும், இந்த நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் பரவுகிறது. தெள்ளை நாய் விழுங்கும்போது புழு குடலுக்குள் சேர்கிறது. தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் புழு மீண்டும் வரும். தெள்ளைத் தவறுதலாக விழுங்கும் சிறு குழந்தைக்கும் இப்புழு வரக்கூடும் என்பதால் வீட்டையும் சேர்த்தே தூய்மைப்படுத்த வேண்டும்.

ஆயினும், தேய்க்கும் நாய்கள் பலவற்றில் புழு இருப்பதில்லை. பைகளின் அடைப்பு, தோல் ஒவ்வாமை, வால் அடியில் சிக்குப்பிடித்த முடி, வயிற்றுப்போக்கால் புண்ணான தோல், கட்டி எனக் காரணங்கள் பல. மருந்து கொடுத்தும் தேய்ப்பது நிற்கவில்லையெனில், அதே மருந்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை கொடுத்துக் காத்திருப்பது பயன்தராது. அந்த வாரங்களில்தான் அடைப்பு சீழாக மாறுகிறது.

அடைப்பிலிருந்து சீழ்க்கட்டி வரை

பையின் நோய் படிப்படியாக வளர்கிறது. முதற்படி அடைப்பு. திரவம் களிம்பு போலக் கெட்டிப்பட்டு வெளியேற இயலாமல் தேங்குகிறது. நாய் தரையில் தேய்க்கும். வால் அடியை ஓயாமல் நக்கும், கடிக்கும். உட்கார்ந்தவுடன் துள்ளி எழும். வீட்டில் மீன் நாற்றம் வீசும். இந்நிலையில் ஒரு சில நிமிடங்களில் முடியும் எளிய சிகிச்சையே போதுமானது.

இரண்டாம் படி அழற்சி. தேங்கிய திரவத்தில் கிருமிகள் பெருகி, பையின் சுவர் வீங்குகிறது. திரவத்தில் சீழோ குருதியோ கலந்திருக்கும். வாலைத் தொடவிடாமல் நாய் உறுமும். மலம் கழிக்கும்போது முனகும். வலிக்கு அஞ்சி மலத்தை அடக்கவும் செய்யும்.

மூன்றாம் படி சீழ்க்கட்டி. ஆசனவாயின் ஒரு பக்கம் சிவந்து, சூடேறி, பருத்து நிற்கும். காய்ச்சல் வரும், உணவு இறங்காது. ஓரிரு நாள்களில் தோல் கிழிந்து சீழும் குருதியும் வடியும். "வேறு நாய் கடித்துவிட்டது" என்று எண்ணிப் பலர் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். வெயில் மிகுந்த நம் ஊர்களில் இன்னொரு கேடும் உண்டு. திறந்த புண்ணில் ஈ மொய்த்து முட்டையிட்டு, மிக விரைவிலேயே புழு வைத்துவிடும். முதற்படியில் சில நிமிடங்களில் தீர்ந்திருக்கக்கூடிய தொல்லை, இப்போது மயக்க மருந்து, கட்டியைத் திறந்து கழுவுதல், வலிநிவாரணி, நுண்ணுயிர்க்கொல்லி, கழுத்துக் கூம்பு, இரண்டு வாரப் பராமரிப்பு என்று நீள்கிறது. கட்டி உடைந்த பின் வலி குறைவதால் நாய் சற்றுத் தெளிவாகத் தோன்றலாம். அதை நம்பி வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

மாதந்தோறும் பிழிந்துவிடலாமா?

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. நாய்க்குக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் நிலையங்கள் சிலவற்றில் ஒவ்வொரு முறையும் பைகளைப் பிழிந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. வீட்டிலேயே செய்ய முயல்வோரும் உண்டு.

எங்கள் விடை இதுதான்: தொல்லையில்லாத நாயின் பைகளைத் தொடவே வேண்டாம். தாமாகக் காலியாகும் பையை அடிக்கடி அழுத்தினால் சுவரும் துளையும் வீங்கக்கூடும். வீங்கிய துளை அடைபடும். இல்லாத நோயை நாமே வரவழைத்தவர்களாவோம். அழற்சி அடைந்த பையை அறியாமல் அழுத்தினால் அது உள்ளேயே கிழிந்து, சீழ் சுற்றியுள்ள தசைக்குள் பரவும்.

தொல்லையுள்ள நாய்க்கு மருத்துவமனையில் நாங்கள் செய்வது வேறு. கையுறை அணிந்து, வழுக்கும் களிம்பு தடவி, ஒரு விரலை ஆசனவாயினுள் செலுத்தி, உள்விரலுக்கும் வெளியே உள்ள பெருவிரலுக்கும் இடையே பையைப் பிடித்து மெதுவாக அழுத்துகிறோம். வெளியே வருவதன் நிறம், கெட்டித்தன்மை, சீழ் அல்லது குருதி உள்ளதா என்பதைப் பார்க்கிறோம். பை காலியான பின் அதன் சுவரைத் தடவி, தடிப்பு ஏதும் உள்ளதா என்று அறிகிறோம். வெளியிலிருந்து மட்டும் பிழியும்போது இந்தத் தகவல் கிடைப்பதில்லை. பிழிவதைவிடத் தடவி அறிவதே முதன்மையானது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறோம்.

அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால், மயக்கநிலையில் பைகளைக் கழுவி உள்ளே மருந்து நிரப்புகிறோம். எதற்கும் அடங்காதபோது பைகளை அறுவை மூலம் அகற்றலாம். பை இல்லாமலும் நாய் நலமாக வாழும். ஆனால் மலத்தை அடக்கும் தசையும் நரம்பும் அப்பகுதியை ஒட்டியே செல்வதால், சில நாய்களுக்கு அறுவைக்குப் பின் சிறிது காலம் மலம் கட்டுப்பாடின்றி வெளியேறலாம். அரிதாக அது நிலைத்தும் விடலாம். எனவே இது முதல் சிகிச்சையன்று. வீக்கம் முற்றிலும் தணிந்த பின்னரே செய்யப்படுவது.

வேரைத் தேடுதல்

ஒரு நாய்க்கு இரண்டு மூன்று முறை அடைப்பு வந்துவிட்டால், "எப்படிக் காலி செய்வது?" என்ற கேள்வியை விட்டு, "ஏன் நிறைகிறது?" என்ற கேள்விக்கு வர வேண்டும். வேர் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது மலம். உருண்டு திரண்டு, சற்றே கெட்டியாக உள்ள மலமே பைகளை அழுத்திக் காலி செய்யும் இயற்கையான கருவி. நாள்தோறும் பால், காரக் குழம்பு பிசைந்த சோறு, பிஸ்கட், விருந்தில் மிஞ்சிய கொழுப்பு ஆகியவற்றை உண்ணும் நாய்க்கு மலம் இளகியே இருக்கும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை. பாலை நிறுத்தியதும் மலம் கெட்டிப்பட்டுத் தேய்ப்பதும் நின்றுவிட்ட நாய்களை நாங்கள் கண்டிருக்கிறோம். நார்ச்சத்து துணைசெய்யும். உப்பும் தாளிப்பும் இல்லாமல் வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணியைச் சிறிய நாய்க்கு ஒரு தேக்கரண்டி, பெரிய நாய்க்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி என உணவோடு கலக்கலாம். இசப்கோல் உமியைக் கொடுப்பதானால் அளவை எங்களிடம் கேட்டு, நீர் சேர்த்தே கொடுங்கள். மலத்தைக் கெட்டியாக்குவதாக எண்ணி எலும்பு கொடுக்க வேண்டாம். மலச்சிக்கலும் குடல் காயமும் வரும்.

இரண்டாவது ஒவ்வாமை. தேய்ப்பதோடு பாதங்களை நக்குவது, காதுகளைச் சொறிவது, வயிற்றுத் தோல் சிவப்பது ஆகியவையும் இருந்தால், ஆசனவாய்த் தொல்லை உடல் முழுவதும் உள்ள தோல் ஒவ்வாமையின் ஒரு பகுதியாக இருக்கக்கூடும். தெள்ளு, சில உணவுகள், தூசிச் சிற்றுண்ணி எனக் காரணம் எதுவாயினும், அதைக் கட்டுப்படுத்தாமல் பைகளை மட்டும் பார்ப்பது, ஒழுகும் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதாகும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஏறத்தாழ 8 வாரம் ஒரே வகையான, மருத்துவர் குறித்த உணவை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் யாரும் ஒரு பிஸ்கட்டைக்கூடக் கொடுக்கலாகாது. வீட்டில் பாட்டி, தாத்தா, பணியாளர், குழந்தைகள் அனைவரும் ஒத்துழைத்தால் மட்டுமே இது நிறைவேறும்.

மூன்றாவது எடை. பருத்த நாயில் ஆசனவாயைச் சுற்றியுள்ள கொழுப்பு பைகளைப் புதைத்துவிடுகிறது. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். அவ்வாறு தட்டுப்படவில்லையெனில் உணவின் அளவையும் நடையையும் பற்றிப் பேச வாருங்கள்.

விரல் நுனியில் தட்டுப்படும் கட்டி

பைகளைத் தடவி அறிவது முதன்மையானது என்றோம். காரணம் இதுதான்: இப்பைகளின் சுரப்பிகளில் புற்றுநோயும் தோன்றுவதுண்டு. மற்றக் காரணங்களோடு ஒப்பிட்டால் அது அரிது. ஆனால் வயது முதிர்ந்த நாய்களில் வருவது. ஆண், பெண் இரண்டுக்கும் வருவது. காக்கர் ஸ்பானியல் இனத்தில் மற்றவற்றைவிட மிகுதி. இதன் கொடுமை, கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே இடுப்புக்குள் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடும் என்பது. நாய் தேய்க்கவும் செய்யாது. வலிப்பதாகக் காட்டவும் செய்யாது.

எங்களிடம் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு மட்டும் வரும் ஒன்பது வயதுக் காக்கர் ஸ்பானியல் ஒன்று உண்டு. அன்றும் ஊசிக்காகத்தான் வந்தது. வயதைக் கருதி விரலால் பரிசோதித்தபோது இடப்பக்கப் பையில் சிறு தடிப்பு தட்டுப்பட்டது. "அதற்கு ஒரு தொந்தரவும் இல்லையே டாக்டர்" என்றார் அழைத்து வந்த அம்மையார். ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தோம். குருதியில் கால்சியம் அளவைச் சோதித்தோம். அது கூடியிருந்தது. இக்கட்டி வெளியிடும் ஒரு பொருள் குருதியில் கால்சியத்தை உயர்த்தக்கூடும். அப்போது தாகமும் சிறுநீரும் மிகும். நாளடைவில் சிறுநீரகம் பழுதாகும். அதைச் சொன்னபின்தான், கடந்த சில வாரங்களாகத் தண்ணீர்க் கிண்ணத்தை நாளுக்கு இரண்டு முறை கூடுதலாக நிரப்பி வந்தது அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. வெயில் என்று நினைத்திருந்தார்கள். ஸ்கேனில் கணுக்கள் வீங்கியிருக்கவில்லை. கட்டியை அகற்றினோம், கால்சியம் இயல்புக்குத் திரும்பியது. இப்போது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அது பரிசோதனைக்கு வருகிறது. நோய் திரும்பாது என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் ஆறு மாதம் கழித்துக் கண்டிருந்தால் இத்தனை வழிகள் திறந்திருக்கமாட்டா.

எனவே ஏழு வயதைக் கடந்த நாய் எதுவாயினும், தொல்லை இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வீட்டில் செய்யத்தக்கவையும் தகாதவையும்

வாரம் ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் உள்ளனவா, சிவப்போ வீக்கமோ உள்ளதா என்று கவனியுங்கள். நீண்ட முடியுள்ள இனங்களில் அப்பகுதி முடியைக் கத்தரித்து வையுங்கள். சீழ்க்கட்டி உள்ள நாய்க்கு நாங்கள் கூறியிருந்தால், தூய பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து முதல் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நீரின் சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். கழுத்துக் கூம்பை இரக்கப்பட்டுக் கழற்ற வேண்டாம். ஓர் இரவில் நக்கியே தையலைப் பிரித்துவிடும்.

மனிதர்க்கான வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐப்யூபுரூபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும். பாராசிட்டமால் ஈரலையும் குருதியையும் தாக்கும். மிளகாய், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் போன்றவற்றைப் புண்ணில் தடவாதீர்கள். வீங்கிய கட்டியை ஊசியால் குத்தாதீர்கள்.

வலியுள்ள நாய், எத்தனை சாதுவானதாயினும், கடிக்கக்கூடும். தடுப்பூசி போட்ட நாயே கடித்தாலும் காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது காத்திருக்கலாகாது?

நாய் ஓரிரு முறை தேய்த்துவிட்டு இயல்பாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் முன்பதிவு செய்துகொண்டு வாருங்கள். பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே வாருங்கள்: ஆசனவாயின் பக்கத்தில் வீக்கம், குருதி அல்லது சீழ் வடிதல், காய்ச்சல், உணவை மறுத்தல், மலம் கழிக்க முக்கியும் வராமை, புண்ணில் ஈயோ புழுவோ காணப்படுதல். மலம் நாடா போலத் தட்டையாக வருவதும், காரணமின்றித் தாகம் மிகுவதும் அவசரமாகத் தோன்றா. ஆயினும் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டியவை.

வரும்போது மூன்றைக் கொண்டுவந்தால் எங்கள் வேலை எளிதாகும்: நாய் தேய்ப்பதைக் கைப்பேசியில் எடுத்த காணொளி, அன்றைய மலத்தின் சிறு பகுதி ஒரு மூடிய டப்பாவில், கடந்த ஒரு வாரத்தில் நாய் உண்டவற்றின் பட்டியல். வருவதற்கு முன் அந்த இடத்தைக் கழுவிவிடாதீர்கள், பைகளைப் பிழிந்துவிடாதீர்கள். உள்ளது உள்ளவாறே நாங்கள் பார்க்க வேண்டும்.

கூச்சப்படாமல், எழுந்து போகும் வேளைக்குக் காத்திராமல், முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். நாங்கள் கேட்கக் காத்திருக்கிறோம்.